பெற்ற ஊரை மறைத்த பேரழகி... மெர்ல் ஓபரானின் கதை தெரியுமா?

2023 மார்ச் 13, திங்கட்கிழமை காலை. ஆஸ்கர் விழா லைவ் ஓடிக்கொண்டிருந்தது. ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்கு விருது, ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்துக்கு விருது என்று எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கே திருவிழாவாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மிஷெல் யோவுக்கு சிறந்த நடிகை விருது அறிவித்ததும் மளமளவென்று செய்தி தட்டினேன். ‘இந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஆசியப் பெண்ணும் இவரே’ என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் இருந்த சீனியர் சப் எடிட்டர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“ஏம்மா, மெர்ல் ஓபரான் யாருன்னு தெரியுமா?”

“தெரியாது சார்.”

“நம்ம பம்பாய்ல பொறந்த பொண்ணும்மா. 87 வருஷத்துக்கு முன்னாடியே இந்த லிஸ்ட்ல வந்துட்டா. என்ன, கடைசிவரைக்கும் பம்பாய்னு சொல்லாமலே செத்துப்போயிட்டா. அந்த வரியைத் தூக்கிடு.”

தூக்கிவிட்டேன். அன்று பல வெளிநாட்டு ஊடகங்கள் ‘தன்னை ஆசியர் என்று அடையாளப்படுத்திக்கொண்ட முதல் பெண்’ என்று கவனமாக எழுதியிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெர்ல் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. இந்த வார ‘பழைய ரீல்’ பகுதியில் அவரைத்தான் பார்க்கப்போகிறோம்.

பம்பாயில் ஒரு ‘குயினி’

1911 பிப்ரவரி 19 அன்று பம்பாயில் பிறந்தார் எஸ்டெல் மெர்ல் தாம்ப்ஸன். அந்த வருடக் கடைசியில்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணி மேரியும் கப்பலில் பம்பாய் வந்து இறங்கினார்கள். ராணி வந்த வருடத்தில் பிறந்த குழந்தை என்பதால் வீட்டில் வைத்த செல்லப்பெயர் ‘குயினி’.

பெயரில்தான் ராணி. குடும்பம் ஏழைக் குடும்பம். அப்பா ஆர்தர் தாம்ப்ஸன், இந்திய ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலேய இன்ஜினீயர். குயினி சின்னக் குழந்தையாக இருந்த காலத்திலேயே அவர் ராணுவத்தில் சேரப் போய், முதல் உலகப் போர் நேரத்தில் இறந்துவிட்டார். வளர்த்தது சார்லட் செல்பி. இலங்கையில் பிறந்தவர். சிங்கள, மாவோரி வழிவந்த கலப்பினப் பெண் என்று மெர்லின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. சார்லட்டைத்தான் குயினி ‘அம்மா’ என்று கூப்பிட்டு வளர்ந்தார். சார்லட்டின் மூத்த மகள் கான்ஸ்டன்ஸை ‘அக்கா’ என்று கூப்பிட்டார்.

இங்கேதான் நெஞ்சை உலுக்கும் விஷயம் இருக்கிறது. பம்பாயின் பிறப்புப் பதிவேட்டில் குயினிக்கு அம்மா என்று எழுதப்பட்டிருக்கும் பெயர் சார்லட் அல்ல, கான்ஸ்டன்ஸ். அப்போது கான்ஸ்டன்ஸுக்கு பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. அந்தச் சிறுமிக்கு நடந்த கொடுமையை வெளியே தெரியாமல் மூடத்தான், பாட்டி அம்மாவானார்; அம்மா அக்காவானார். சார்லட்டும் அதே போன்ற பிஞ்சு வயதில்தான், இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் வெள்ளைக்கார மேற்பார்வையாளரால் கான்ஸ்டன்ஸுக்குத் தாயானவர்.

ஆக, மெர்ல் வளர்ந்து பொய் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்பே, அவரது பிறப்பைச் சுற்றி ஒரு பொய்யை வீடே கட்டி வைத்திருந்தது.

கல்கத்தா டெலிபோன் ஆபரேட்டர்

1917-ல் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெயர்பெற்ற லா மார்ட்டினியர் பெண்கள் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆனால், பாதிதான் வெள்ளைக்காரி என்ற கேலி பொறுக்காமல் பாதியிலேயே படிப்பை விட்டார் குயினி.

ஆங்கிலோ இந்தியர்களின் நிலைமை அப்போது இரண்டுங்கெட்டான். வெள்ளைக்காரர்கள் கிளப்பில் சேர்க்கமாட்டார்கள். இந்தியர்களுக்கும் இவர்கள் அந்நியர்கள். வீட்டுக்குள்ளேயேகூட, சிவப்பாகப் பிறந்த பிள்ளைக்கு ஒரு எதிர்காலம், கறுப்பாகப் பிறந்த பிள்ளைக்கு இன்னொன்று. குயினி சிவப்பாக இருந்தார். தன் கையில் இருக்கும் ஒரே துருப்புச் சீட்டு அதுதான் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது.

டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்துக்கொண்டே நாடகம், நடனம், ஃபிர்போஸ் ரெஸ்டாரன்ட் என்று மேல்தட்டு வட்டாரத்துக்குள் நுழைந்தார். அங்கே பழக்கமானவர் ஒரு முன்னாள் நடிகர். ஒருநாள் குயினியை வீட்டில் கொண்டுவந்து விட வந்தவர், கறுத்த நிறத்தில் வாசலில் நின்ற சார்லட்டைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் உறவிலிருந்து நழுவிவிட்டார் என்கின்றன வாழ்க்கை வரலாற்று நூல்கள். போகிறபோக்கில் ஒரு வழியும் காட்டினார். “பிரான்ஸுக்கு வந்தால் சினிமா டைரக்டர் ஒருவரிடம் அறிமுகம் செய்கிறேன்” என்பதுதான் அது.

1920-களின் கடைசியில் குயினி கப்பல் ஏறினார். கூடவே சார்லட்டும்.

ஓ’பிரையன் எப்படி ஓபரான் ஆனார்?

லண்டனில் ஆரம்ப நாட்கள் சுலபமாக இல்லை. இரவு விடுதியில் நடனம், படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு முகம். ஹங்கேரியிலிருந்து வந்து பிரிட்டிஷ் சினிமாவில் சாம்ராஜ்யம் கட்டிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டாவின் கண்ணில் பட்டதும் எல்லாம் மாறியது. அப்பா பெயரில் இருந்த ‘ஓ’பிரையன்’ என்ற பகுதி, ‘ஓபரான்’ ஆனது. 1933-ல் வெளியான ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்ட்த்’ படத்தில் ராணி ஆன் போலினாகச் சில நிமிடங்கள்தான் வருவார். தலை வெட்டப்படப் போகும் அந்த ராணியைப் பார்த்த ரசிகர்கள் “யார் இந்தப் பெண்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அதற்கு ஒரு பதில் வேண்டுமே! கோர்டாவின் விளம்பர ஆட்கள் ஒரு பதிலைத் தயாரித்தார்கள். மெர்ல் பிறந்தது ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவில். நல்ல வெள்ளைக்காரக் குடும்பம். வேட்டையில் அப்பா இறந்துபோக, உறவுக்காரர்களோடு இந்தியாவில் வளர்ந்தார். ஏன் டாஸ்மேனியா? லண்டனில் இருந்தோ லாஸ் ஏஞ்சலஸில் இருந்தோ யாரும் அவ்வளவு தூரம் போய் விசாரிக்கமாட்டார்கள். அதே சமயம் அச்சு அசலான பிரிட்டிஷ் ஊர் என்ற பெயரும் அதற்கு இருந்தது.

சரி, கூடவே வந்த சார்லட்? அவருக்கும் ஒரு கதாபாத்திரம் கொடுக்கப்பட்டது. விருந்தாளிகள் வரும்போது கறுப்புநிற அம்மா, மகள் வீட்டின் வேலைக்காரி ஆனார். தட்டை ஏந்திக்கொண்டு வந்தவர் தன்னை வளர்த்தவர் என்று சொல்ல அந்த வீட்டு எஜமானிக்கு வாய் வரவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இவ்வளவு படித்ததும் எனக்கும் மெர்ல் மேல் கோபம்தான் வந்தது. ‘பெத்த... சரி, வளர்த்த தாயைப் போயா?’ என்று. பிறகு அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டங்களைப் படித்தேன். கோபம் கொஞ்சம் திசைமாறியது.

1917-ம் ஆண்டு குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கு கதவைச் சாத்தியிருந்தது. இந்தியர்கள் வெள்ளையர்கள் அல்ல, எனவே குடியுரிமை கிடையாது என்று 1923-ல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல் சட்டம் மாறியபோதும், வருடத்துக்கு 100 இந்தியர்கள் மட்டும் வரலாம் என்பதுதான் கணக்கு.

சினிமாவுக்குள் இன்னொரு பூட்டு. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இனம் தாண்டிய காதலைத் திரையில் காட்டத் தடை போட்டிருந்தன. அதனால் யார் அடிபட்டார்கள் தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸிலேயே பிறந்த சீன வம்சாவளி நட்சத்திரம் அன்னா மே வாங். ‘தி குட் எர்த்’ படத்தில் சீன விவசாயியின் மனைவி வேடம் அவர் ஆசைப்பட்டது. கணவனாக நடித்தவர் வெள்ளைக்காரரான பால் முனி என்பதால் நாயகி வேடமும் வெள்ளைக்காரரான லூயிஸ் ரெய்னருக்குப் போனது. சீனப் பெண்ணாக மேக்கப் போட்டு நடித்த ரெய்னர் ஆஸ்கரும் வாங்கினார்!

இதே கோர்டாதான் மைசூரைச் சேர்ந்த சாபு என்ற சிறுவனை ‘எலிஃபன்ட் பாய்’ படத்தில் உலகத்துக்கே அறிமுகம் செய்தார். சாபு தன் ஊரை மறைக்கவில்லை. ஆனால், யானைக்காரப் பையன், காட்டுப் பையன் என்ற வட்டத்திலிருந்து ஹாலிவுட் அவரைக் கடைசிவரை பெரிதாக வெளியே விடவில்லை.

மெர்லின் முன்னால் இருந்த கணக்கு இதுதான். பம்பாய் என்று சொன்னால் நாயகி இல்லை. டாஸ்மேனியா என்று சொன்னால் உண்டு.

ஆஸ்கர் மேடையின் ஓரத்தில்

ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின், 1935-ல் ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்தில் மெர்லை ஆங்கிலேய கிராமத்துப் பெண் கிட்டியாக நடிக்க வைத்தார். அதுவரை ஜப்பானியப் பெண், ஸ்பானிய நடனக்காரி என்று ‘கவர்ச்சியான அந்நியப் பெண்’ வேடங்களில் வந்தவருக்கு அது பெரிய திருப்பம். போரில் பார்வை இழந்த காதலன், கிட்டி வரும்போது தனக்குக் கண் தெரிவதாக நடிப்பான். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்துவைத்துச் சமாளிப்பான். உண்மை தெரிந்தால் காதலிக்குத் தான் பாரமாகிவிடுவோமே என்ற பயம்! அந்தக் காட்சியில் எதிரே நின்று நடித்த மெர்லும் நிஜத்தில் ஒவ்வொரு நாளும் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்?

அந்தப் படத்துக்காக சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 1936 மார்ச்சில் நடந்த விழாவில் விருது ‘டேஞ்சரஸ்’ படத்துக்காக பெட்டி டேவிஸுக்குப் போனது. அந்தப் பட்டியலில் ஒரு பம்பாய்ப் பெண் இருந்தது அரங்கில் யாருக்கும் தெரியாது.

1939-ல் வந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’தான் இன்றைக்கும் அவரைப் பேசவைக்கும் படம். லாரன்ஸ் ஒலிவியர் நாயகன் ஹீத்கிளிஃப்; மெர்ல், கேத்தி. எமிலி பிராண்டேயின் நாவலில் ஹீத்கிளிஃப் கறுத்த நிறத்தவன், எங்கிருந்து வந்தான் என்றே தெரியாதவன். கேத்தி ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண். படத்தில் கறுத்தவனாக நடித்தவர் அசல் ஆங்கிலேயர். ஆங்கிலேயப் பெண்ணாக நடித்தவர், தன் கறுத்த அம்மாவை மறைத்து வாழ்ந்தவர்.

இன்னொரு சுவாரஸ்யம். அந்த கேத்தி வேடத்துக்கு ஆசைப்பட்ட இன்னொருவர் விவியன் லீ. அவர் பிறந்ததும் இந்தியாவில்தான், டார்ஜிலிங்கில்! விவியனுக்குத் துணை வேடம்தான் தருவோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு ‘கான் வித் தி விண்ட்’ நாயகியாகி ஆஸ்கர் வாங்கினார். வெள்ளைக்காரப் பெற்றோரின் மகளாக அறியப்பட்டதால் டார்ஜிலிங்கில் பிறந்தேன் என்று சொல்ல விவியனுக்குத் தடை இருக்கவில்லை. மெர்லுக்கு அந்த வசதி இல்லை.

முகத்துக்கென்றே ஒரு விளக்கு

பொய்யைக் காப்பாற்றும் வேலையை மெர்லின் முகமும் செய்யவேண்டியிருந்தது. நிறத்தை வெளுப்பாகக் காட்ட கனமான மேக்கப், வெளுக்கவைக்கும் பூச்சுகள். 1937-ல் ‘ஐ, கிளாடியஸ்’ படப்பிடிப்பு சமயத்தில் கார் விபத்தில் முகத்தில் காயம். அந்தப் படமே பாதியில் கைவிடப்பட்டது. 1940-ல் அழகுப்பூச்சுகளின் நஞ்சும் மருந்து ஒவ்வாமையும் சேர்ந்து தோலைப் பாழாக்கின. தழும்புகளைச் சரிசெய்ய, தோலைத் தேய்த்தெடுக்கும் வலிமிகுந்த சிகிச்சைகளையும் எடுத்துக்கொண்டார்.

1939-ல் கோர்டாவைத் திருமணம் செய்திருந்தார். 1942-ல் கோர்டாவுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தபோது கல்கத்தா டெலிபோன் ஆபரேட்டர் ‘லேடி கோர்டா’ ஆனார். 1945-ல் அவரைப் பிரிந்து, ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்டை மணந்தார். ‘தி லாட்ஜர்’ படத்தில் மெர்லின் தழும்புகள் தெரியாமல் இருக்க பல்லார்ட் கேமராவின் லென்ஸை ஒட்டி ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினார். நேராக முகத்தில் விழும் அந்த வெளிச்சத்தில் தழும்பும் சுருக்கமும் கரைந்துவிடும். ஓபரான் பெயரால் அதற்கு ‘ஓபி’ என்றே பெயர். சினிமாக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். செல்ஃபிக்காக முகத்துக்கு நேராக ரிங் லைட் வைக்கிறோமே, அதன் பாட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டிய அம்மா

சார்லட் 1937-ல் இறந்தார். மகள் அவரை ‘அம்மா’ என்று ஊருக்கு அறிமுகம் செய்யாமலே போய்விட்டார்.

பன்னிரண்டு வருடங்கள் கழித்து மெர்ல் ஒரு காரியம் செய்தார். சார்லட்டின் பழைய புகைப்படம் ஒன்றை ஓவியரிடம் கொடுத்து வரையச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. அம்மாவின் நிறத்தை வெளுப்பாக்கி வரைய வேண்டும்.

அந்த ஓவியத்தை, போன வீட்டுக்கெல்லாம் எடுத்துப்போய் மாட்டினார். மெக்ஸிகோவில் மூன்றாவது கணவரோடு வாழ்ந்தபோதும், பிறகு கலிஃபோர்னியாவில் நான்காவது கணவரோடு இருந்தபோதும், தான் சாகும்வரை அது கூடவே இருந்தது. அதை அம்மாவுக்குச் செய்த இரண்டாவது துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தன் முகத்துக்கு எதைப் பூசினாரோ, அதையேதான் அம்மா முகத்துக்கும் பூசினார்.

ஹோபார்ட்டில் ஒரு மாலை

பொய் கடைசியில் துரத்திக்கொண்டு வந்தது. 1978-ல் டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட், ‘தங்கள் மண்ணின் மகளை’ அழைத்தது. மேயர் தலைமையில் வரவேற்பு. ஒரு தியேட்டருக்கு அவர் பெயர். ‘எங்க ஊர்ப் பொண்ணு’ என்று ஊரே பெருமையோடு காத்திருந்தது.

வரவேற்புக்கு வந்த மெர்ல், தான் அங்கே பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டார். உடம்பு சரியில்லை என்று சீக்கிரமே கிளம்பியவர், மீதி நாட்களை ஹோட்டல் அறையிலேயே கழித்தார். தன் பெயர் வைத்த தியேட்டரைப் போய்ப் பார்க்கவும் இல்லை. எங்கே பிறந்தார் என்பதை மட்டும் அங்கேயும் சொல்லவில்லை.

அடுத்த வருடம், 1979 நவம்பர் 23 அன்று பக்கவாதத்தால் இறந்தார். வயது 68.

உண்மை வெளியே வர மேலும் நாலு வருடம் ஆனது. 1983-ல் வந்த வாழ்க்கை வரலாற்று நூல் அவரது இந்தியப் பிறப்பை உலகுக்குச் சொன்னது. பம்பாய் பிறப்புப் பதிவைத் தேடிக் கண்டுபிடித்தவரோ, கான்ஸ்டன்ஸின் மகன்களில் ஒருவர். மெர்லைச் சந்திக்க கனடாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை போயிருக்கிறார். மெர்ல் பார்க்க மறுத்துவிட்டார். அப்படியிருந்தும், அந்தப் பதிவில் இருந்த கான்ஸ்டன்ஸ் ரகசியத்தை அவர் வாழ்க்கை வரலாறு எழுதியவர்களிடம்கூடச் சொல்லவில்லை. 2002-ல் வெளியான ‘தி ட்ரபிள் வித் மெர்ல்’ ஆவணப்படத்தில்தான் அது வெளியானது. கதவைச் சாத்திய அக்காவின் மானத்தைத் தம்பி அத்தனை வருடம் காத்திருக்கிறார்!

இந்தக் கட்டுரைக்காக ‘வுதரிங் ஹைட்ஸ்’ படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார். படம் முடிந்து, மெர்லின் கதையைச் சொன்னதும் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தம்மா... அதான், வளர்த்தவங்க... மக நடிச்ச படத்தைத் தியேட்டர்ல போய்ப் பாத்துருப்பாங்களாடி?”

படம், வருடம், விருது என்று அத்தனையும் தேடிய எனக்கு, இதைத் தேடவேண்டும் என்று தோன்றவே இல்லை.

வீட்டில் இருந்தால் நீங்களும் ‘வுதரிங் ஹைட்ஸ்’ பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம்தான். முடிந்தால் அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள்.

*(அடுத்த வாரம் இன்னொரு பழைய ரீலோடு சந்திப்போம்!)*